அக்காவின் தோளில் நகரும் கம்பி

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை என் அக்காவின் தோளிலிருந்து திருடியது. மாடிப்படியில் விழுந்து தோளெலும்பை உடைத்துக்கொண்டாள். மருத்துவர் மெல்லிய கம்பி ஒன்றைச் செருகி எலும்பைச் சேர்த்தார். அப்படிச் செருகிய கம்பி இடம் பெயர்கிறதா என்று எக்ஸ்ரே இல்லாமலே பார்க்கும் கருவி ஒன்றைச் சோதிக்க, ஓர் ஆய்வகம் ஆள் தேடியது. தோளைச் சுற்றித் தகடுகளை வைத்து மைக்ரோவேவ் அலைகளை அனுப்புவார்கள். மிச்சச் சாப்பாட்டைச் சூடாக்கும் அதே அலைதான், ஆனால் சூடே தெரியாத அளவுக்கு மெலிதாக. சதைக்குள் போய் உலோகத்தில் பட்டுத் திரும்பும். திரையில் கம்பி வெள்ளைக் கோடாகத் தெரியும். அக்கா வாராவாரம் போனாள். கருவியை இயக்குபவருக்கு 'ஆன்டெனா' என்று பட்டப்பெயரும் வைத்துவிட்டாள்.

2.

முதல் தொடக்கம்: "அவள் உடலுக்குள் ஒரு ரகசியம்..." (தூ. இப்படித் தொடங்கும் கதையை நானே படிக்கமாட்டேன்.)

இரண்டாவதை அக்காவிடம் படித்துக் காட்டினேன். கொட்டாவி விட்டாள்.

"என்னடா, உப்புச் சப்பில்லாம இருக்கு? கம்பியைக் கொஞ்சம் நகத்தித்தான் பாரேன்."

நகர்த்தினேன். 'கம்பி விரல் நகமளவு நெஞ்சுப் பக்கம் இறங்கியிருந்தது.' எழுதும்போதே அதை நம்பிவிட்டேன். நல்ல வாக்கியம் என்று சந்தோஷப்பட்டேன், பாவி.

அந்த வாரம் திரையைப் பார்த்த ஆன்டெனாவுக்குச் சந்தேகமாம். தகடுகளைக் கழற்றி, மறுபடி மாட்டிப் பார்த்தாராம். அதே விரல் நகமளவு.

3.

(கருவி பொய் சொல்கிறது என்று ஆன்டெனாவை வில்லனாக்கி ஒரு பக்கம் எழுதிக் கிழித்தேன். மருத்துவமனை எக்ஸ்ரேயும் அதையே காட்டியது. கம்பிகள் எப்போதாவது இப்படி நகர்வதுண்டு, விட்டால் இதயம் வரைகூடப் போகும் என்றார் மருத்துவர்.)

வாக்கியத்தை அடித்தேன். கம்பி திரும்பவில்லை. 'கம்பி பழைய இடத்துக்கே போனது' என்று எழுதினேன். அசையவில்லை. ஏனென்று எனக்குத் தெரியும். அதை நான் நம்பவில்லை.

எழுதுவதையே நிறுத்தினேன். பஸ்ஸில் போகும்போது பயத்தில் ஒரு வாக்கியம் தானாக மனசுக்குள் ஓடியது. அடுத்த பரிசோதனையில் அதற்கும் கம்பி நகர்ந்திருந்தது.

4.

நாளை கம்பியை எடுக்க அறுவைச் சிகிச்சை. அக்கா போன் செய்தாள்.

"கரிநாக்கு கேள்விப்பட்டிருக்கேன். உனக்குக் கரிவிரல்டா."

"நான் எழுதினதாலயா நகருது? பைத்தியமா உனக்கு?" என்று மழுப்பினேன்.

"பைத்தியம்னே வெச்சுக்கோ." சிரிப்பில்லை. "பயமா இருக்குடா. கதையை நல்லபடியா முடிச்சுடு."

முடிவு அ: கம்பியை எடுத்துவிட்டார்கள்.

முடிவு ஆ: கம்பியை எடுத்துவிட்டார்கள். அக்கா கண்விழித்ததும் என்னைத் திட்டினாள்.

முடிவு இ: கத்தி தொடுவதற்குள் கம்பி... (ஐயோ, இல்லை. இதை முடிக்கமாட்டேன்.)

மூன்றில் 'இ' மட்டும்தான் எனக்கு நம்பும்படி வருகிறது. என்ன பிறவி நான்!

அதனால்தான் உங்களிடம் வருகிறேன். உங்களுக்கு அவள் யாரோ ஒருத்தி. பயமில்லாமல் நம்ப உங்களால் முடியும். 'ஆ'வை இன்னொரு முறை, நிதானமாகப் படியுங்கள். அவள் என்னை என்னவென்று திட்டினாள் என்பதையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், 'இ'யை மட்டும் மனசுக்குள் முடித்துவிடாதீர்கள்.