துவைக்காத துணி

குழந்தை செத்த வீட்டில் அதன் துணிகளையெல்லாம் வாரி ஓடையில் விட்டுவிட்டார்கள். அத்தாயி ஒன்றை மட்டும் சாமைக் குதிருக்குப் பின்னால் ஒளித்துவைத்தாள். துவைக்கவே இல்லை. துவைத்தால் பிள்ளையின் வாசம் போய்விடுமே. யாரும் இல்லாதபோது எடுத்து முகர்வாள். பால் வாசமும் வசம்பு வாசமும் கலந்து வரும். புருஷன் சென்றாயனுக்கு இது தெரியும். தெரியாதவன் மாதிரி இருந்தான்.

அவன் மிளகைத் தூக்கிக்கொண்டு மலை இறங்கிச் சந்தைக்குப் போன அன்றைக்குத்தானா கருப்பி குட்டி போட வேண்டும்? அந்த ஆட்டுக்கு அது தலைச்சன் ஈற்று. மழை வேறு விடாமல் அடித்தது. ஆடு மிரண்டு மூலையில் ஒண்டிக்கொள்ள, சேற்றில் கிடந்த குட்டி வெடவெடவென்று நடுங்கியது. இன்னொன்றையும் சாகக் கொடுக்க அத்தாயிக்குத் தெம்பில்லை. வீட்டுக்குள் தூக்கி ஓடினாள். காய்ந்த துணி என்று இருந்தது குதிருக்குப் பின்னால் இருந்த அது ஒன்றுதான். கை கொஞ்சம் தயங்கியது. பிறகு ஈரம் போக அழுத்தித் துடைத்தாள். பிள்ளைக்குச் செய்வதுபோலவே வசம்பைச் சுட்டு உரசி உடம்பெல்லாம் தடவினாள். குட்டி எழுந்து நின்றதும் சிரித்தேவிட்டாள்.

கருப்பியிடம் கொண்டுபோய் விட்டாள். அது முகர்ந்தது, முட்டித் தள்ளியது. பிறகு தன் குட்டியைத் தேடி வீட்டைச் சுற்றிச் சுற்றிக் கத்தியது.

பொழுது சாயத் திரும்பிய சென்றாயன் குட்டியை முகர்ந்து பார்த்தான்.

"வசம்பு தடவுனியா புள்ள?"

"குளுருல நடுங்குச்சுங்க."

"ஈரத்த நக்கித்தான் ஆடு தன் குட்டின்னு கண்டுக்கும். அந்த வாசத்தயே தொடச்சுப்புட்டியே."

அவன் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. இருவருமாக ஆட்டைப் பிடித்துக் கறந்து பார்த்தார்கள். அது பாலை அடக்கிக்கொண்டது. விடிவதற்குள் குட்டி விறைத்துவிட்டது.

குட்டியைப் புதைத்துவிட்டு வந்தபோது, தாழ்வாரத்தில் கிடந்த துணியைக் கருப்பி நக்கிக்கொண்டிருந்தது. குட்டியைக் கூப்பிடும் அதே தாழ்ந்த குரலில் கனைத்து, கனைத்து நக்கியது. அந்தத் துணியைக் குட்டிமேல் போர்த்தி விட்டிருந்தாலே ஆடு சேர்த்துக்கொண்டிருக்கும். அந்த யோசனை நேற்று யாருக்கும் வரவில்லை, என்ன செய்ய.

அத்தாயி துணியை வெடுக்கென்று பிடுங்கி முகத்தில் பொத்திக்கொண்டாள். ஆட்டு வாடை. திருப்பிப்போட்டு முகர்ந்தாள், ஓரமெல்லாம் முகர்ந்தாள். ஆட்டு வாடைதான். அவளுடைய பிள்ளை அதில் எங்குமே இல்லை.

கருப்பி அவள் காலை முட்டிக் கத்தியது.

"உம்புள்ளயாச்சும் இதுல இருக்குது. நீயே வெச்சுக்க சாமி," என்று சொல்லி, துணியை அதன் முன்னால் விரித்துப்போட்டாள்.