ஆறு பேருக்கு ஒரு கிழமை

17.03.1997, திங்கள்.
இன்று ஒரு சிறிய பிழை விட்டேன். கிழமைச் சாமானை வீட்டுக்கு அனுப்பச் சொன்னேன்.

இவ்வளவையும் எழுதிவிட்டு அருந்ததி பேனையை மூடினாள். மறுபடி திறந்து ‘சிறிய’ என்ற சொல்லை மட்டும் வெட்டினாள்.

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில், இரத்தினசிங்கத்தார் வீட்டு மேல்மாடியில் அவர்கள் வாடகைக்கு இருந்தார்கள். அம்மா பாலேஸ்வரி பாலர் பாடசாலையில் படிப்பித்துவிட்டு வரும் வழியில் தினமும் சாமான் வாங்குவாள். ஒரு கடையில் பருப்பு வாங்கினால் பேக்கரிப் பாணுக்கு இன்னொரு கடை. ஒரு பாண் போதாதென்று மற்றப் பாணுக்குத் தெருவைக் கடந்து வேறொரு கடை. வீட்டுக்கு வந்து சேரும்போது கணுக்கால் இரண்டும் வீங்கியிருக்கும்.

பகலில் வேலைக்குப் போய், மாலை வகுப்பில் கணக்கியல் படிக்கும் அருந்ததிக்கு இது ஒழுங்கில்லாத வேலையாகப் பட்டது. ஒரு கிழமைக்கான சாப்பாட்டை முன்கூட்டியே தீர்மானித்து, சாமானை ஒரே தடவையில் வாங்கிவிட்டால் அம்மாவின் கால் தப்பும் என்று நினைத்தாள். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எல்லோரையும் இருத்தி வைத்து எந்த நாளுக்கு என்ன சமைப்பதென்று கேட்டாள். வெள்ளிக்கிழமை மரக்கறி என்பதில் சண்டை வரவில்லை. புதன்கிழமை கீரையில்தான் தொடங்கியது.

“புதன்கிழமை நான் வீட்டில இல்லை எண்டு எழுது,” என்றாள் கடைசித் தங்கச்சி.

“அவளின்ர பங்கு எனக்கு,” என்றான் குகன். பிறகு சற்றுத் தயங்கி, “என்னையும் சேர்த்தோ அக்கா கணக்கு?” என்று கேட்டான்.

“சேர்க்காமல்? நீ காத்தையோ குடிக்கிறனி?”

குகன் சின்னம்மாவின் மகன். பதினெட்டு வயது. கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்து ஓடியதில் அவனுடைய அடையாள அட்டை தொலைந்துபோயிற்று. புதியதற்கு விண்ணப்பித்த துண்டு மட்டும் கையில் இருந்தது. அது வரட்டும், பிறகு பதியலாம் என்று அம்மா தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். கொழும்பில் தங்கும் தமிழர் எல்லோரும் பொலிசில் பதிந்திருக்க வேண்டும். இந்த வீட்டில் பதிந்திருந்தது அப்பா, அம்மா, பெண்பிள்ளைகள் மூவர், ஆக ஐந்து பேர்தான். வீட்டுக்காரரென்று இரத்தினசிங்கத்தார் கையெழுத்து வைத்ததும் அந்த ஐந்து பேருக்குத்தான். குகன் பல்கனிப் பக்கம் போவதில்லை. சாப்பாட்டிலும் கடைசியாகத்தான் கோப்பை எடுப்பான்.

திங்கள் காலையில் அருந்ததி பலீல் நானாவின் பலசரக்குக் கடைக்குப் போனாள்.

“ஆறு பேருக்கு ஒரு கிழமைக்குப் பருப்பு எவ்வளவு காணும் நானா?”

“ஆறு பேருக்கா? இருங்க மகள், நான் பார்த்துக் கட்டுறேன். இவ்வளவையும் எப்படித் தூக்குவீங்க? நான் அனுப்பி வெக்கிறேனே.”

அவள் நன்றி சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள். அன்று முழுவதும், ஒரு காரியத்தைச் சரியாகச் செய்துவிட்டோம் என்ற எண்ணம் அவளுக்கு இருந்தது. அப்படி எண்ணுவது அவளுக்கு அபூர்வம்.

நானா தானே சைக்கிளில் சாமானைக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். மேலே மணியடித்துப் பார்த்திருக்கிறார். குகன் கதவு திறக்கமாட்டான். ஆகவே கீழ்வீட்டில் இரத்தினசிங்கத்தாரிடம் இறக்கிவிட்டு, போகிற போக்கில், “ஆறு பேர்ட ஒரு கிழமைச் சாமான், ஐயா, பத்திரம்,” என்று சொல்லியிருக்கிறார். வேறொன்றும் சொல்லவில்லை.

அருந்ததி வகுப்பு முடிந்து வந்தபோது சாமான் பெட்டி மேசைமேல் இருந்தது. அதற்குப் பக்கத்தில் இரத்தினசிங்கத்தார் இருந்தார்.

“நான் ஐஞ்சு பேருக்குத்தானே தங்கச்சி கையெழுத்து வைச்சனான்,” என்றார் அம்மாவிடம். அப்பா இன்னும் வேலையால் வரவில்லை.

“ஓம் அண்ணை.”

“பலீல் ஆறெண்டு சொல்லுறார். பலீலுக்குக் கணக்குப் பிழைக்காது.”

அறைக்குள்ளிருந்து குகன் தானாகவே வெளியே வந்து நின்றான். இரத்தினசிங்கத்தார் அவனைப் பார்த்தார். பிறகு அம்மாவின் பக்கம் திரும்பினார்.

“பொலிஸ் செக்கிங் வந்தா முதல் என்னைத்தான் ஜீப்பில ஏத்துவாங்கள். நான் பிரஷர்காரன். நாளைக்குக் காலமை இவனைக் கூட்டிக்கொண்டு பதியப் போவம். நானும் வந்து கையெழுத்து வைக்கிறன். இல்லாட்டி இண்டைக்கே வேற இடம் பாருங்கோ.”

வேறு இடமென்றால், அம்மாவோடு படிப்பிக்கும் வலன்ரைன் ரீச்சரின் கொட்டாஞ்சேனை வீடு. அங்கே போக எத்தனை சோதனைச்சாவடி, அட்டையில்லாத பெடியனோடு. அம்மா தலையசைத்தாள். நாளைக்கு வருவதாகச் சொன்னாள். பொலிசில் துண்டைப் பார்த்துப் பதிந்து அனுப்பலாம். விசாரிக்கவென்று அவனை வைத்துக்கொள்ளவும் செய்யலாம்.

அவர் இறங்கிப் போனதும் அருந்ததி அம்மாவின் முன்னால் வந்து நின்றாள்.

“ரெண்டு கடையில பாண் வாங்கினது இதுக்குத்தானோ?”

“ஒரே கடையில ரெண்டு கேட்டா, வீட்டில ஆர் வந்து நிக்கினம் எண்டு கேப்பினம். எனக்குப் பொய் வராது பிள்ளை.”

“எனக்குச் சொல்லியிருக்கலாமே அம்மா.”

“நீ என்ரை காலைப் பாத்தெல்லோ செய்தனி,” என்றாள் அம்மா. அவள் ஏசியிருந்தால் அருந்ததிக்கு லேசாக இருந்திருக்கும்.

இரவுச் சாப்பாடு திட்டப்படி இடியப்பமும் சொதியும். குகன் இன்று கடைசிவரை காத்திருக்கவில்லை. எல்லோரோடும் இருந்து சாப்பிட்டான். “எப்பவும் உள்ளுக்கை இருக்கேலாதுதானே அக்கா,” என்றான். அவளால் அவனை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

பொலிசில் சிங்களத்தில் கதைக்கக்கூடியவள் அந்த வீட்டில் அவள் ஒருத்திதான். அந்தச் சிங்களமும் கடைக்கும் பஸ்சுக்கும் போதுமான சிங்களம். மாமி மகன், மச்சான் என்றில்லாமல், சின்னம்மாவின் மகன், தம்பி முறை என்பதை எப்படிச் சொல்வது என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். இரண்டு தரமும் தடக்கியது.

குசினிக்குப் போய், சுவரில் ஒட்டியிருந்த திட்டத்தில் செவ்வாய்க் காலைக்கு எழுதியிருந்த ‘பாண், சம்பல்’ என்பதை வெட்டினாள். திரும்பி வந்து நாட்குறிப்பில் எழுதினாள்:

நாளை, செவ்வாய்: விடிய எழும்பிப் பிட்டு அவித்து, முட்டை பொரிக்க வேண்டும். குகனுக்கு அதுதான் விருப்பம். அவன் சாப்பிட்ட பிறகு, துண்டை எடுத்துக்கொண்டு எட்டு மணிக்குப் பொலிசுக்கு. கதைக்க வேண்டியது நான்.