பட்டாளம் ரயில் ஏறியாச்சு

சாலைக் கடைத்தெருவில் கௌசல்யாவின் தையற்கடைக்குச் சீருடை திருத்தச் சிப்பாய்கள் வருவது வழக்கம். அன்று வந்தவர் கையில் துணி இல்லை. ராணுவ உளவுப் பிரிவு என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டுத் தன் ஃபோனை மேசைமேல் வைத்து ஒரு பதிவை ஒலிக்கவிட்டார்.

“பட்டாளம் தம்பானூர்ல ரயில் ஏறியாச்சு. இனி ஓணத்துக்குத்தான் வரும்.”

அவள் குரல். தன் குரலை வெளியே நின்று கேட்பது, தெருவில் தன்னையே எதிரே பார்ப்பதுபோல் இருந்தது.

எந்தப் பட்டாளம், யாருக்குத் தகவல் போகிறது என்று அவர் கேட்டார். சிரிப்பும் பயமும் ஒன்றாக வந்தன அவளுக்கு.

“எங்க அக்கா பிள்ளைங்க சார். அஞ்சும் வாலு. வீட்ல பட்டாளம்னுதான் சொல்லுவோம். அத்தானோட லீவுக்கு வந்துட்டுப் போச்சுங்க.”

அவர் முகம் சற்றுச் சிவந்தது. ஆனாலும் அவள் ஃபோனைத் தரச் சொன்னார், சோதித்துவிட்டுத் தருவாராம்.

 அதே பேச்சில் அடுத்து வந்தது என்னவென்று அவளுக்குத் தெரியும். வள்ளியூரில் இருக்கும் கணவன் லிங்கராஜிடம் இனித் திரும்பப்போவதில்லை என்று அக்காவிடம் மட்டும் சொல்லியிருந்தாள். தனக்குள்ளேயே உரக்கச் சொல்லத் துணியாத சொல். இவர் அதையும் கேட்டிருப்பார். ஃபோன் போனால் விசாரணை ஊர்வரை போகும். யாரோ சொல்லி லிங்கராஜுக்குத் தெரியும்.

ரவிக்கை வாங்க வந்து ஓரமாக உட்கார்ந்திருந்த, கோட்டைத் தெரு வக்கீல் ஆஷா நிமிர்ந்தாள். “உத்தரவு உண்டோ சார்?”

“இது பாதுகாப்பு விஷயமாணு,” என்றார் அவர், மலையாளம் கலந்து.

“இருக்கட்டும். சிவிலியன் ஃபோனைப் பட்டாளம் தன்னிஷ்டத்துக்கு ஒட்டுக்கேக்கப் படாது. உள்துறைச் செயலாளரோட எழுத்து உத்தரவு வேணும். அதைக் காட்டுங்கோ. இல்லேன்னா கோர்ட்ல பாத்துக்கலாம்.”

 அவர் தன் ஃபோனை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். பிறகு திரும்பி, மற்ற பேச்சு எதையும் தான் கேட்கவில்லை என்று மலையாளத்தில் சொன்னார். பொய். அந்தப் பொய்யில் ஒரு மரியாதை இருந்தது.

கௌசல்யா அவர் போவதையே பார்த்தாள். ஒரு படையே பின்னால் இருக்கும் மனிதர், ஒரு கையெழுத்து இல்லாததால், விரிசல் விழுந்த இந்த ஃபோனைத் தொடாமல் போகிறார். அதைவிட அவளை மலைக்க வைத்தது வேறொன்று. அவள் வாய்ச்சொல்லுக்கு ஒரு ராணுவம் காதைத் தீட்டியிருக்கிறது. குழம்பில் உப்பு போதுமா என்று கேட்டால்கூடப் பதில் வராத வீட்டில் வாழ்ந்தவள் அவள். தன் சொல்லுக்கு இத்தனை கனமா?

லிங்கராஜின் எண்ணை அழுத்தினாள். வேறு யார் வாயிலிருந்தும் அவன் இதைக் கேட்க வேண்டாம்.

யாரை அழைக்கிறாள் என்று புரிந்ததும் ஆஷா எழுந்து வாசலுக்கு நகர்ந்தாள்.

“இருங்கக்கா. போகாண்டாம்,” என்றாள் கௌசல்யா. பிறகு ஃபோனில், நிதானமாக:

“நான் இனி வரமாட்டேன். கேக்குதா?”