தொப்பியில் துள்ளிய மீன்

நீச்சல் கிளப்பின் புதுச் சின்னத்தை வரைந்தது பயிற்சியாளரின் அக்காதான். பயிற்சியாளரான அந்தத் தம்பியின் மகனை ஏரி கொண்டுபோய்விட்டது. 'அத்தை, அத்தை' என்று இவள் காலைச் சுற்றிக்கொண்டிருந்த பிள்ளை. அதன் பிறகு தம்பி நீச்சல் குளத்துப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. கெஞ்சிக் கூத்தாடி இன்றைக்குத்தான் அழைத்து வந்திருக்கிறாள். இன்றும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டானென்றால் அவ்வளவுதான், இனி யார் கூப்பிட்டாலும் வரமாட்டான்.

சின்னம் என்னவோ எளிமையானதுதான். மேலே துள்ளும் ஒரு மீன், அதன் அடியில் வழியும் ஐந்து நீர்க்கோடுகள். குளத்தில் ஐந்து லேன், அதனால் ஐந்து கோடு. சின்னம் வரைவதுதான் அவள் தொழில். அதில் எந்தச் சின்னத்தையும் ஒருமுறை தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பார்கள், கனம் ஒரு பக்கமாகச் சாய்கிறதா என்று. அவளும் திருப்பினாள். கனம் சரியாக இருந்தது, அச்சுக்கு அனுப்பிவிட்டாள். உருவத்தைப் பார்த்தாளா? பழகிப்போன பாழும் கண்ணுக்குக் கனத்தைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

நீச்சல் தொப்பியின் பின்பக்கம் சின்னம் அச்சானது. பிள்ளைகள் வரிசையில் நின்றபோது மீன் மீனாகத்தான் இருந்தது. எல்லோரும் 'வாத்து' என்று கூப்பிடும் பொடிசு முதலில் இறங்கினாள். தம்பி எதிர்க்கரையில் விசிலை வாயில் வைத்தபடி நின்றான். முகத்தைத் தண்ணீரில் அமிழ்த்தி, அவள் அவனை நோக்கி நீந்தி வந்தாள். உச்சந்தலை அவன் பக்கம் இருந்ததால் சின்னம் அவனுக்குத் தலைகீழாகத் தெரிந்தது.

விசில் கீழே விழுந்தது. போட்ட சட்டையோடு, ஷூவோடு குதித்தான். வாத்தை அள்ளிக்கொண்டு கரையேறினான்.

"ஐயோ சார், நான் நல்லாத்தானே நீந்துனேன்!"

அக்கா ஓடிவந்தாள். அவன் வாத்தின் தொப்பியைக் காட்டினான். அவள் அதைக் கழற்றித் திருப்பினாள். மீன் உள்ளங்கையானது. ஐந்து கோடும் ஐந்து விரலாக மேலே நீண்டன.

"அடக் கடவுளே, நானா இத வரஞ்சேன்? எல்லாத்தையும் கிழிச்சுப் போட்டுடறேன்டா. வா, வீட்டுக்குப் போலாம்."

அவன் நகரவில்லை. கட்டிய மனைவியிடம்கூடச் சொல்லாததைச் சொன்னான்.

"அன்னிக்கு நான் பாத்தேன்க்கா. தூரத்துல தண்ணிக்கு மேல என்னமோ வந்துச்சு. மீன் துள்ளுதுன்னு நெனச்சேன். பாத்துக்கிட்டே நின்னேன்."

அக்கா அவன் ஈரத் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, அத்தனை பிள்ளைகளுக்கும் முன்னால் வாய்விட்டு அழுதாள்.

"தொப்பி இருக்கட்டும்க்கா," என்றான். "கைய மீனுன்னு நெனச்சு ஒரு தடவ நின்னுட்டேன். இனிமே மீனக் கைன்னு நெனச்சு நூறு தடவ குதிச்சாலும் பரவால்ல."

குனிந்து விசிலை எடுத்தான். ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வெறுங்காலோடு குளத்தின் விளிம்பில் போய் நின்றான்.

"அடுத்து யாரு? எறங்குங்க."