யார் தயவும் வேண்டாத தோட்டம்

பூர்ணிமாவின் தோட்டம் ஒன்பதடி நீளம், நாலடி அகலம். கொல்கத்தாவில், லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், பழைய கட்டடத்தின் முதல் மாடி பால்கனி அது. துணி காயப்போடும் கொடியும் ஏசியின் வெளிப்பெட்டியும் போக மிஞ்சிய இடத்தில்தான் இருபத்து மூன்று தொட்டிகள். ஆனால் அலுவலகத்தில் அவள் பேசுவதைக் கேட்டவர்கள், ஏதோ இரண்டு ஏக்கர் தோப்பு வைத்திருக்கிறாள் என்றே நினைத்திருப்பார்கள். காலையில் காபி டம்ளரோடு எழுந்து, "தோட்டத்துக்குப் போய்ட்டு வரேன்" என்பாள்.

"பாத்துப் போ, வழி தெரியாம நின்னுடப் போறே" என்பார் அவள் கணவர் ராஜ்மோகன். அவருக்குக் கிடர்பூரில் ஒரு கப்பல் சரக்குக் கம்பெனியில் வேலை. முப்பது வருஷமாகக் கப்பல்களைப் பார்ப்பவருக்குத் தொட்டி என்ன பெரிதாகத் தெரியப்போகிறது?

வருஷத்தில் ஒரு முறை இந்தத் தோட்டத்துக்குக் கண்டம் வரும். ஊர் உலகமெல்லாம் துர்கா பூஜைக்குக் கொல்கத்தாவில் வந்து இறங்கும் வாரத்தில், இவர்கள் இருவரும் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஹவுராவில் ரயில் ஏறுவார்கள். திருச்சியில் ராஜ்மோகனின் அண்ணன் வீட்டில் கொலு. போக வரப் பதினைந்து நாள் ஆகிவிடும். அந்தப் பதினைந்து நாளும் செடிகளுக்குத் தண்ணீர் விட்டவர் கீழ்வீட்டு பௌதி.

பௌதி என்றால் வங்காளத்தில் அண்ணி. பெயர் ஷெஃபாலி, பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தி ஓய்வு பெற்றவர். கணவர் போய் ஆறு வருஷம் ஆகிறது, ஒரே மகன் புனேயில். பதினோரு வருஷமாக பூர்ணிமாவின் வீட்டுச் சாவி பௌதியின் சமையலறை ஆணியில்தான் தொங்கியது. தண்ணீர் விட வந்தால் பௌதி சும்மா போகமாட்டார். மணி பிளான்ட்டுக்குக் கொம்பு நட்டு வைப்பார், பழுத்த இலைகளைக் கிள்ளி வைப்பார், பால்கனி நாற்காலியில் உட்கார்ந்து தெருமுனைப் பந்தலின் மேளத்தைக் கேட்டுவிட்டுப் போவார். ஊரிலிருந்து வந்ததும் பூர்ணிமா முதல் வேலையாக முறுக்கு டப்பாவும் ஒரு புடவையுமாகக் கீழே இறங்குவாள். அதைக் கையில் கொடுத்த பிறகுதான் அவளுக்கு மூச்சு சீராகும். யாருக்கும் கடமைப்பட்டிருப்பது அவளுக்கு ஆகாது. பிறந்த வீட்டில் அப்படித்தான் வளர்த்திருந்தார்கள். பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி தயிர் உறைக்கு வாங்கினாலும், கிண்ணம் காலியாகத் திரும்பக் கூடாது.

போன வருஷம் பௌதி சுவரைப் பிடித்துக்கொண்டு படியேறுவதைப் பார்த்தாள். முட்டி வலி. அதற்குப் பிறகு அவளுக்கு மனசே சரியில்லை. ஒரு வயதான மனுஷியை நம் செடிக்காக மாடி ஏற வைப்பதா என்று தோன்றியது. அந்த எண்ணத்தில் பாதி கரிசனம்தான். மீதிப் பாதி, இனி யாரிடமும் கேட்கவே வேண்டாம் என்ற வீம்பு. பூர்ணிமா கரிசனத்தை மட்டும் வெளியில் சொன்னாள்.

ஆகஸ்டிலேயே வேலையை ஆரம்பித்தாள். சோறு தண்ணி கேட்காத செடிகள் எவையென்று பார்த்துப் பார்த்துச் சேர்த்தாள்: ஸ்நேக் பிளான்ட், கற்றாழை, அடினியம், கம்பியோரம் முழுக்கப் பத்துமணிப்பூ. ரோஜாவைத் தானமாகக் கொடுத்துவிட்டாள். அது செடியில்லை, மாப்பிள்ளை, தினம் முகம் பார்த்து நடக்க வேண்டும். மண்ணில் பாதிக்குப் பாதி தேங்காய் நார்த்தூள் கலந்தாள், ஈரம் நிற்கட்டும் என்று. துளசி, கறிவேப்பிலை, மல்லிகை மூன்றை மட்டும் கைவிட மனம் வரவில்லை. அவற்றுக்குத்தான் ஒரு தனி ஏற்பாடு.

பெயின்ட் வாளிகள் இரண்டைக் கழுவி, முக்காலியில் ஏற்றி, நிறையத் தண்ணீர் ஊற்றினாள். ராஜ்மோகனின் பழைய எட்டு முழ வேட்டியைக் கிழித்து, விரல் கனத்துக்குத் திரிகளாக முறுக்கினாள். ஒரு முனை வாளியில், மறுமுனை தொட்டி மண்ணில். திரி தண்ணீரை இழுத்து வேருக்குச் சொட்டுச் சொட்டாகக் கொடுக்கும். வாளிக்கு மூடியும் போட்டாள். திரி நசுங்கக் கூடாதே என்று மூடியை இரண்டு விரல் அகலம் தள்ளி வைத்தாள்.

ஒரு மாதம் ஒத்திகை நடந்தது. தண்ணீர் குறையக் குறைய மேலே ஊற்றியதோடு சரி. மூன்று செடியும் தளதளவென்று நின்றன.

"என் வேட்டி இவ்வளவு நல்ல வேலை செஞ்சதே கிடையாது" என்றார் ராஜ்மோகன்.

பூஜை தொடங்கும் சஷ்டிக்கு நாலு நாள் முன்னால் பூர்ணிமா அரைக் கிலோ காபிப் பொடியோடு கீழே போனாள். பௌதியிடம் அவள் எப்போதும் வங்காளத்தில்தான் பேசுவாள்.

"பௌதி, இந்தத் தடவை உங்களுக்குத் தொந்தரவே இல்ல. எல்லாம் தானா நடக்கற மாதிரி பண்ணிட்டேன். நீங்க படியேறவே வேண்டாம். அந்தச் சாவி..."

பௌதி எழுந்தார். சமையலறைக்குப் போய் ஆணியிலிருந்து சாவியை எடுத்து, புடவைத் தலைப்பால் துடைத்து, கையில் கொடுத்தார்.

"நல்லது" என்றார். காபிப் பொடியைப் பிரித்து முகர்ந்து பார்ப்பது அவர் வழக்கம். அன்று அப்படியே மேசையில் வைத்தார். நல்ல காரியம் செய்துவிட்ட நிறைவில் பூர்ணிமா அதைக் கவனிக்கவில்லை.

பதினைந்து நாள் கழித்து, ஒரு வியாழக்கிழமை, கதவைத் திறந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் பால்கனிக்கு ஓடினாள். ஒரு இலை வாடவில்லை. மல்லிகையில் நாலு மொட்டு வேறு. போட்டோ எடுத்து அலுவலகத் தோழிகளுக்கெல்லாம் அனுப்பினாள். முறுக்கு டப்பா பெட்டியிலேயே கிடந்தது. சாவி வாங்கும் வேலை இல்லாததால், அன்றைக்கே கீழே போக வேண்டும் என்று தோன்றவில்லை. துவைக்க ஒரு மூட்டைத் துணி இருந்தது. மறுநாள் அலுவலகம். ஞாயிற்றுக்கிழமை சாவகாசமாகப் போய்க் கொடுக்கலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை மணி அடித்தது. மாநகராட்சி சுகாதார ஊழியர், கையில் டார்ச்சும் நோட்டுமாக ஒரு பெண்.

"தீதி, ரெண்டு தடவை வந்தேன், பூட்டியிருந்துச்சு. எங்கேயாவது தண்ணி தேங்கியிருக்கா பாக்கணும்."

"எங்க வீட்டுலயா? வாங்க, வாங்க" என்று பூர்ணிமாவே பெருமையாக பால்கனிக்கு அழைத்துப் போனாள். திரி எப்படி வேலை செய்கிறது என்று விளக்கவும் ஆரம்பித்தாள். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, வாளியின் மூடியை விலக்கி டார்ச் அடித்தாள்.

கால்வாசித் தண்ணீர் இருந்தது. அது முழுக்கச் சின்னச் சின்னக் கொசுப்புழுக்கள், வெளிச்சம் பட்டதும் துடித்துத் துடித்துக் கீழே இறங்கின. அந்தப் பெண் இரண்டாவது மூடியையும் விலக்கிப் பார்த்தாள்.

"அடுத்த வாளியும் இதே கதைதான்" என்றாள் அந்தப் பெண். அவள் குரலில் கோபம்கூட இல்லை. "உங்களை மட்டும் சொல்லி என்ன? பந்தல் மூங்கில் நட்ட குழியெல்லாம் தண்ணி. ஆனா கீழ்வீட்டு மாஷிமாவுக்கு டெங்கு, ரிப்போர்ட் வந்தாச்சு. தெரியுமில்லையா?"

பௌதி படுத்திருப்பதே பூர்ணிமாவுக்குத் தெரியாது.

அந்தப் பெண் போனதும் இரண்டு வாளியையும் குளியலறையில் கவிழ்த்தாள். வெந்நீர் ஊற்றித் தேய்த்தாள். வேட்டித் திரிகளை உருவிக் குப்பையில் போட்டாள்.

"நான்தான் அவங்களைப் படுக்க வச்சுட்டேன்" என்றாள்.

"அப்படிச் சொல்லாத பூர்ணி" என்றார் ராஜ்மோகன். "எந்தக் கொசு, எந்த வீட்டுக் கொசுன்னு டாக்டராலயே சொல்ல முடியாது. தெருவுல ஏழு வீட்டுல ஜுரமாம், இப்பத்தான் கடையில சொன்னாங்க. போய்ப் பாரு, பழம் வாங்கிக் குடு. வாளியைப் பத்தி எதுக்கு வாயத் திறக்கணும்? அந்த அம்மா மனசு கஷ்டப்படறதைத் தவிர என்ன ஆகப்போகுது?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. வாயை மூடிக்கொண்டால் பௌதி வழக்கம்போலச் சிரிப்பார், இவளும் வழக்கம்போலச் சிரிக்கலாம். சொன்னால், பதினோரு வருஷத்து உறவு அந்த இடத்திலேயே முறிந்தாலும் முறியும். மகன் புனேயிலிருந்து போனில் என்னென்ன கேட்பானோ! இத்தனையும் யோசித்துக்கொண்டே இருபத்திரண்டு படியும் இறங்கினாள். கடைசிப் படியில், சொல்லாமல் அந்த முகத்தைப் பார்க்கத் தன்னால் முடியாது என்று மட்டும் தெரிந்தது.

கதவு தாழிடப்படாமல் வெறுமனே சாத்தியிருந்தது. பௌதி கட்டிலில் சுவரோரமாகப் படுத்திருந்தார். முகம் சுண்டிப்போய், கைகளில் சிவப்புச் சிவப்பாகப் புள்ளிகள். வேலைக்காரப் பெண் காலையில் கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாளாம், இனிச் சாயங்காலம்தான் வருவாளாம். ஜுரம் நேற்று இறங்கிவிட்டது, இனிமேல்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். மகன் திங்கட்கிழமை வருகிறான்.

பூர்ணிமா உட்காரவில்லை. நின்றபடியே சொல்லிவிட்டாள். வாளி, திரி, இரண்டு விரல் அகலம் திறந்து வைத்த மூடி, டார்ச் வெளிச்சத்தில் பார்த்தது, எல்லாவற்றையும்.

பௌதி கண்ணை மூடிக் கேட்டார்.

"கடிச்ச கொசுகிட்ட நான் விலாசம் கேட்டுக்கல" என்றார். "உன் வீட்டுதா இருக்கலாம். பந்தலோடதா இருக்கலாம். என் வீட்டு ஃப்ரிட்ஜுக்குப் பின்னாலயும்தான் தண்ணி நிக்குது. அதை விடு."

"எப்படி விடறது பௌதி?"

"விடுன்னா விடு. எனக்குக் கோபம் அதுல இல்ல." குரல் இப்போது கொஞ்சம் ஏறியது. "வியாழக்கிழமை நீ வந்துட்டேன்னு எனக்குத் தெரியும். தலைக்கு மேலதானே நடக்கற. பெட்டி இழுத்த சத்தம் கேட்டுது. குக்கர் விசில் கேட்டுது. அன்னிக்கு எனக்கு நூத்தி மூணு. வேலைக்காரப் பெண் லீவு. போனைக் கையில எடுத்தேன். உன் பேரையும் எடுத்தேன். அப்புறம் வச்சுட்டேன்."

"ஏன் கூப்பிடல? ஒரு நிமிஷத்துல வந்திருப்பேனே!"

"நீ யாருக்கும் தொந்தரவு குடுக்காதவ. செடிக்குத் தண்ணி விடறதைக்கூட என்கிட்ட கேக்கக் கூடாதுன்னு மிஷின் பண்ணி வச்சவ. உன்னை நான் எந்த உரிமையில கூப்பிடறது?"

முட்டி வலியோடு படியேறிய மனுஷிக்கு, அந்த ஒன்பதடி பால்கனி வருஷத்துக்குப் பதினைந்து நாள் சொந்தமாக இருந்தது என்பது இப்போதுதான் பூர்ணிமாவின் புத்தியில் ஏறியது. கருணை என்று நினைத்து அதைப் பிடுங்கிவிட்டு வந்திருக்கிறாள்.

"என்னை மன்னிச்சுடுங்க" என்றாள்.

"அதெல்லாம் அப்புறம். முதல்ல ஒரு கிளாஸ் தண்ணி குடு."

கட்டிலிலிருந்து ஆறடி தள்ளி மேசைமேல் தண்ணீர் ஜாடி இருந்தது. பூர்ணிமா அதைத் தூக்கிப் பார்த்தாள். கனமாக இருந்தது. கழுத்து வரை நிறைந்திருந்தது, ஒரு வாய்கூடக் குறையவில்லை.

"டாக்டர் ரெண்டரை லிட்டர் குடிக்கச் சொல்லியிருக்கார். வேலைக்காரப் பெண் காலையில நிரப்பி வச்சுட்டுப் போனா" என்றார் பௌதி. "எழுந்தா தலை சுத்துது. அங்க வரைக்கும் போக முடியல."

பூர்ணிமா டம்ளரில் ஊற்றி, ஒரு கையால் பௌதியின் முதுகைத் தாங்கி, வாயில் வைத்துப் புகட்டினாள். பௌதி ஒரே மூச்சில் குடித்துவிட்டு, டம்ளரைத் திருப்பி நீட்டினார். இன்னொன்று ஊற்றினாள். அதையும் குடித்தார். மூன்றாவதைப் பாதியில் நிறுத்தி, இருமி, தலையணையில் சாய்ந்தார். பூர்ணிமா அழுதுகொண்டே மேசையைக் கட்டிலோரம் இழுத்துப் போட்டாள்.

"உங்க பையன் வர்ற வரைக்கும் நான் இங்கேயே இருக்கேன், பௌதி. உங்களுக்குத் தொந்தரவா இருந்தாலும் சரி."

"தொந்தரவாத்தான் இருக்கும்" என்றார் பௌதி கண்ணை மூடியபடி. "இரு."