எலிக்குள் உட்கார்ந்திருக்கும் பெரியப்பா

எங்கள் ஆராய்ச்சிக் கூடத்தில் ஒவ்வொரு எலிக்குள்ளும் ஒரு பெரியப்பா உட்கார்ந்திருக்கிறார். தோளில் துண்டு, வாயில் வெற்றிலை, வாசலை ஒட்டி நாற்காலி. புதிதாக யார் உள்ளே வந்தாலும், "தம்பிக்கு எந்த ஊரு? யாரு வீட்டுப் பிள்ளை?" என்பார். பதில் பிடிக்காவிட்டால் வெளியே தள்ளிவிடுவார். டாக்டர்கள் இதற்கு நோய் எதிர்ப்பு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் இதற்கு விசாரிப்பது என்று பெயர்.

கூண்டு கழுவுவதும் தீனி வைப்பதும் என் வேலை. கருப்பட்டி என்கிற எலிக்கு அம்மா வழியில் வந்த சதை வியாதி. பின்னங்கால் எழும்பாது. தண்ணீர்க் குழாய் எட்டாது, நான்தான் தூக்கிப் பிடிப்பேன்.

"குழாய் மட்டும் எட்டிட்டாப் போதும் அத்தை. நீ லீவு போட்டா எனக்குத் தொண்டை காயுது" என்பான்.

ஞானசிகாமணி டாக்டர் வேறோர் எலியிடமிருந்து நல்ல சதை எடுத்து உள்ளே அனுப்பினார். பெரியப்பா ஊர் கேட்டார், குலதெய்வம் கேட்டார், தள்ளிவிட்டார். தள்ளிய கையோடு வீட்டுச் சதையையும் நாலு சாத்து சாத்தினார். "நொண்டிப் பயலே, உன்னாலதான்டா கண்டவனும் வர்றான்!" நோஞ்சானைக் கண்டால் அவர் கை சும்மா இருக்காது.

எதிர்ப்பை அடக்குகிற மருந்து வந்தது. பொட்டுக்கடலை மாவில் உருட்டி ஊட்டினேன். பெரியப்பா துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கிப் போனார். டாக்டர் மறுபடி அனுப்பிய புதுச் சதை உள்ளே போய்ப் பாயை விரித்தது. கருப்பட்டி எழுந்து நின்று, குழாயை எட்டி, தானே குடித்தான்.

ஒரே ஒரு சங்கடம். அடுத்த கூண்டு வெள்ளையனுக்கும் அதே வியாதி. ஒப்பிட்டுப் பார்க்க அவனுக்கு மருந்து மட்டும்தான், புதுச் சதை கிடையாது. அவனும் எழுந்து குடித்துக்கொண்டிருந்தான். அடிக்கிறவர் தூங்கினால் அடிபட்டவன் எழுந்திருக்கத்தானே செய்வான்.

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீ எழும்பக் கூடாதேப்பா."

"மன்னிச்சிருங்க சார்" என்று வெள்ளையன் படுத்துக்கொண்டான். தங்கமான பிள்ளை. அதற்குப் பிறகு டாக்டர் போன பின்புதான் தண்ணீர் குடிப்பான். டாக்டர் டில்லிக்குப் போய்ப் புதுச் சதையின் மகிமையைப் பேசிவிட்டுப் பொன்னாடையோடு திரும்பினார்.

"செல்லக்கிளிம்மா, கருப்பட்டிக்கு இனிமே மருந்து வேணாம். சதை தங்குதான்னு பார்ப்போம்" என்றார்.

கருப்பட்டி என் விரலைப் பிடித்துக்கொண்டான். "பெரியப்பா முழிச்சிட்டா மறுபடியும் தாகந்தானே அத்தை?"

நான் கூண்டோரம் உட்கார்ந்து புதுச் சதைக்குச் சொல்லிக்கொடுத்தேன். "உன் ஊரு இந்தக் கூண்டு. கருப்பட்டியோட அம்மாதான் உன் அம்மா. கோயில் கொடை ஆடி மாசம், கிடா வெட்டு உண்டு. திருதிருன்னு முழிக்காம, நம்ம ஊரு மாதிரி ராகமா பேசு." சதைக்குக் கற்பூர புத்தி. பழக்கினால் பிடித்துக்கொள்ளும்.

பெரியப்பா கண் விழித்தார். "தம்பிக்கு எந்த ஊரு?"

"இங்கதான் பெரியப்பா. ஆடிக் கொடைக்கு உங்களைக் காணோமே?"

"அட, நம்ம பய!" என்று வெற்றிலை மடித்துக் கொடுத்தார்.

கேட்க ஆரம்பித்த வாய் அதோடு நிற்குமா? பக்கத்தில் இருந்த வாலைப் பார்த்தார். "நீ யாரு வீட்டுப் பிள்ளை?"

வால் அங்கேயே பிறந்து வளர்ந்தது. அதை இதுவரை யாரும் கேட்டதில்லை. "நான் வந்து..." என்று இழுத்தது. தள்ளிவிட்டார்.

காலையில் நான் போனபோது கருப்பட்டி வாலில்லாமல், லேசாக ஆடிக்கொண்டே நின்று, தானே குடித்துக்கொண்டிருந்தான். "தண்ணி எறங்குது அத்தை, அது போதும்" என்றான். வால் கூண்டுக்கு வெளியே சுருண்டு கிடந்தது. கேள்வி கேட்காத வீடு எது என்று எனக்குத் தெரியும். எடுத்து வெள்ளையன் கூண்டில் விட்டேன். அங்கே பெரியப்பா இன்னும் குறட்டையில் இருந்தார். வால் உள்ளே போய் ஒட்டிக்கொண்டது.

வராந்தாவில் டாக்டரின் செருப்புச் சத்தம் கேட்டது. வெள்ளையன் மரியாதையாகப் படுத்து, இரண்டு வாலையும் வயிற்றுக்கடியில் மடக்கி வைத்துக்கொண்டான்.