வேலிக்கு வெளியே செந்தூவிப்பூ

லோர்னா கைத்தடியைப் புல்லில் போட்டுவிட்டு மண்டியிட்டதைப் பார்த்ததும் மெர்வின் பதறிப்போய் அவளருகே ஓடினான். இடுப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவன் மனைவி பண்ணைக் கேட்டைத் தாண்டியதே இன்றுதான். அவளை எப்படியாவது நடக்க வைக்கத்தான், அவள் இப்போது குனிந்து பார்க்கும் செடியை வேலிக்கு வெளியே, சாலையோரம் நட்டிருந்தான். பார்த்ததும் இவன் வேலை என்று கண்டுகொண்டு சிரிப்பாள் என்பது அவன் கணக்கு.

"மெர்வ், கிட்ட வந்து மிதிச்சுத் தொலைக்காத! செந்தூவிப்பூடா இது! நம்ம ரோட்டுல!"

பூதக்கண்ணாடியைக் கண்ணோடு ஒட்டிக்கொண்டாள். சாம்பல் பூத்த வட்ட இலை, ஓரமெல்லாம் இறகாகப் பிரிந்த சிவப்பு இதழ். எல்லாம் பொருந்தியது. வடக்கே மணல்வெளியில் பூப்பதை இந்தக் கோதுமைக் காட்டுப் பக்கம் யாரும் கண்டதில்லை. புது இடத்தில் ஒரு செடியைக் கண்டுபிடித்து, அதன் உலர்ந்த மாதிரியைப் பெர்த் நகரத் தாவரக் காப்பகத்தில் தன் பெயரோடு வைக்க வேண்டும் என்பது அவளுடைய ஆயுள்கால ஆசை. அவளுடைய காட்டுப்பூச் சங்கத்துக் கிழடுகள் அத்தனை பேரும் அதற்காகத்தான் சாலையோரமெல்லாம் தவழ்கிறார்கள்.

"ஃபோன எடு. காப்பகத்துக்குச் சொல்லணும்."

மெர்வின் எடுக்கவில்லை. உண்மையைச் சொன்னால் இந்த முகம் வாடிவிடும். சொல்லாவிட்டால் நாளைக்குச் சங்கமே அவளைப் பார்த்துச் சிரிக்கும்.

அதற்குள் அவளே நிமிர்ந்தாள். "இரு இரு. இது மணல்ல வளர்ற செடி. இங்க செஞ்சரளையால்ல கெடக்கு?"

அடியை விரலால் கிளறினாள். சரளைக்குக் கீழே ஒரு வாளி அளவுக்கு வெளிர் மணல். தண்டின் அடியில், நர்சரியில் ஒட்டுக்கட்டிய செடிக்கே உரிய வீங்கிய முடிச்சு. பூதக்கண்ணாடியை இறக்கிவிட்டு மெர்வினைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏது இந்த மணல்?"

"ஆட்டுச் சந்தைக்குப் போறேன்னு சொன்னேன்ல... அன்னிக்கு வடக்க போனேன். செடி அங்க நர்சரில வாங்கினது."

"போய்ட்டு வர ஒரு நாள் பூரா ஆகுமே, கிறுக்கா."

"நீ பாத்ததுமே கண்டுபிடிச்சிருவன்னு நெனச்சேன், லோர்னா."

"நான் பூவத்தான பாத்தேன்." அவள் குரல் கம்மியது. ஏமாற்றமா, வேறு ஏதாவதா என்று அவனுக்குப் பிடிபடவில்லை. புல்லில் கிடந்த கைத்தடியை எடுத்துத் துடைத்தான்.

"இப்ப என்ன பண்ணப்போற?"

"காப்பகத்துக்கா சொல்ல முடியும்? நாளைக்கும் நடந்து வந்து பாக்கப்போறேன். வேற என்ன பண்ணச் சொல்ற?"

தூக்கிவிடக் கையை நீட்டினான். அவள் பிடிக்கவில்லை. கிளறிய சரளையைக் கை கையாக அள்ளி, மணல் தெரியாதபடி, முடிச்சும் தெரியாதபடி, மெதுவாக மூடிக்கொண்டிருந்தாள்.